நெற்றியில் நீலப் பொட்டு

ஜனவரி 9, திங்கள்

ஆலையில் புத்தாண்டுக்கு ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். மருந்துக்கு அட்டைப்பெட்டி செய்கிற ஆலை என்பதால் டைரியின் அட்டை மட்டும் பிரமாதம், உள்ளே தாள் மகா மட்டம். தரம் பார்க்கிறவன் நான், என்னிடமே இதைக் கொடுக்கிறார்கள். வீணாக்க வேண்டாம் என்று இதில் நாணயக் கணக்கு எழுதப்போகிறேன். நாணயம் மட்டும்தான். வேறு எதுவும் எழுதுவதாக இல்லை.

பின்னால் யாராவது எடுத்துப் படித்துக் குழம்பக் கூடாது, அதனால் ஒருமுறை விளக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் அரை டாலர் நாணயம் என்று ஒன்று உண்டு. கடைகண்ணியில் யாரும் புழங்குவதில்லை. வங்கியில் கேட்டால் ரோல் ரோலாகக் காகிதம் சுற்றித் தருவார்கள். 1964 வரை அடித்ததெல்லாம் நல்ல வெள்ளி. அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் வெள்ளியைக் குறைத்துக் கலந்தார்கள். அதற்கும் பிறகு வந்தது வெறும் செம்பும் நிக்கலும். ரோலைப் பிரித்து விளிம்பைப் பார்க்க வேண்டும். செம்புக் கோடு ஓடினால் வெறும் காசு. விளிம்பு வெளுப்பாக இருந்தால் வெள்ளி. வெள்ளியை எடுத்துக்கொண்டு மீதியை வேறொரு வங்கியில் கட்டிவிட வேண்டும். வாங்கின இடத்திலேயே கட்டினால் அடுத்த வாரமும் அதே காசின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இதில் நஷ்டம் கிடையாது. லாபம் பெட்ரோலுக்குச் சரியாகப் போய்விடும்.

பத்து வருஷத்துக்கு மேலாகக் கொடியும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். கொடி என் மனைவி, முழுப்பெயர் ஜெயக்கொடி. அக்டோபரில் ஆற்றுக்கு அக்கரையில் லங்காஸ்டரில் வீடு பிடித்துப் போயிருக்கிறாள். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. பனிக்காலத்தில் இங்கே யார்க்கிலிருந்து தினமும் வண்டி ஓட்டிப் போவது சிரமம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆரோக்கியசாமியிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவர் மனைவி மெர்சி அதே மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். மெர்சி தினமும் யார்க்கிலிருந்துதான் போய்வருகிறார். ஆரோக்கியசாமி மரியாதையாகத் தலையாட்டினார்.

ஜனவரி 14, சனி

வங்கியில் வாங்கிவந்த ஒரு பெட்டி ரோல் முழுக்கப் பார்த்தேன். ஒன்றுமில்லை. விளிம்பெல்லாம் செம்பு. சாம்பார் அடிப்பிடித்தது.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். ஒரு தம்ளர் அரிசியை வைத்துக்கொண்டு பொங்கலோ பொங்கல் என்று யாரிடம் சொல்வது. குக்கர் விசில் அடித்தது. அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 21, சனி

வழக்கமாகப் போகும் வங்கியில் அரை டாலர் வரத்து குறைந்துவிட்டது. அதனால் ஆற்றோரம் ரைட்ஸ்வில் கிளைக்குப் போனேன். அங்கிருந்து பாலத்தைத் தாண்டினால் லங்காஸ்டர் பக்கம் என்பது தற்செயல். கவுண்டரில் டெனிஸ் என்று ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும். அரை டாலர் இருக்கிறதா என்றதும் இழுப்பறையைத் திறந்து நாலைந்து ரோல் எடுத்துக் கொடுத்தாள். இயந்திரத்தில் சுற்றியது இல்லை, வாடிக்கையாளர் யாரோ கையால் சுற்றிக் கட்டியது. காசு தேடும் எங்கள் ஆட்களுக்கு இந்த மாதிரி ரோல் என்றால் கொள்ளை ஆசை. பாட்டன் சேர்த்துவைத்த பழைய காசைப் பேரன் விவரம் தெரியாமல் கொண்டுவந்து கட்டியிருப்பான்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் பிரித்தேன். விளிம்பு எல்லாம் செம்பு. அலுத்துப்போய் ஒன்றைத் திருப்பினேன். அரை டாலரில் பதித்திருக்கும் ஜனாதிபதி கென்னடியின் நெற்றியில் ஒரு பொட்டு இருந்தது.

பார்த்துக் கழித்த காசில் ஏதாவது அடையாளம் வைப்பது இந்தப் பொழுதுபோக்கில் வழக்கம். அது மறுபடி கைக்கு வந்தால், இந்தச் சரக்கு ஏற்கெனவே சலித்தது என்று தெரிந்துகொள்ளலாம். எல்லாரும் பேனாவால் பின்பக்கம் ஒரு கோடு இழுப்பார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். கொடி ஒருநாள் காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னாடி கிறுக்கி என்னத்துக்கு? பாவம், இந்த மனுசன் நெத்தி வெறிச்சுன்னு கெடக்கு" என்றாள். மறுநாள் மெரூன் நிறத்தில் ஒரு நகப்பூச்சு வாங்கிவந்து, தீக்குச்சி முனையால் தொட்டுத் தொட்டு எல்லாக் கென்னடிக்கும் பொட்டு வைத்தாள். தன் நகத்துக்கு அதை ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை.

இந்தப் பொட்டு நீலம். ஆனால் இடம் அதே இடம், முடி தொடங்குவதற்குச் சற்றுக் கீழே. பென்சில்வேனியா முழுக்கச் சல்லடை போட்டாலும் கென்னடிக்குப் பொட்டு வைக்கிறவள் ஒருத்திதான் இருப்பாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். மீதி ரோலையும் பிரித்தேன். எல்லாரும் பொட்டோடுதான் இருந்தார்கள்.

வெள்ளி ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜனவரி 28, சனி

ரைட்ஸ்வில். மறுபடி கைரோல், மறுபடி நீலப் பொட்டு. விஷயம் விளங்கிவிட்டது. லங்காஸ்டரில் வாங்குகிறாள், பார்க்கிறாள், வாங்கின ஊரிலேயே கட்டக் கூடாது என்பதற்காகப் பாலம் தாண்டி இங்கே வந்து கட்டுகிறாள். நான் சொல்லிக்கொடுத்த விதி. அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாள்.

ஆக, தனியாகவும் தேடுகிறாள். எனக்காகத்தான் கூட உட்கார்ந்தாள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 4, சனி

கைரோல் இல்லை. டெனிஸ் உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது, ஐம்பத்து நாலு வயதில், வங்கிக் கவுண்டரில். ஜலதோஷம் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 11, சனி

வந்திருந்தது. பொட்டு இந்த முறை கொஞ்சம் பெரிது. அவசரத்தில் வைத்திருப்பாள். அல்லது கண்ணாடி பவர் மாறியிருக்கும். கண் டாக்டரிடம் போனாளா தெரியவில்லை.

நீல நகப்பூச்சை யார் வாங்கச் சொன்னார்கள் என்று சமையல் செய்யும்போது யோசனை. காசுக்கு மட்டுமா, நகத்துக்கும் போட்டுக்கொள்கிறாளா? அருப்புக்கோட்டையில் அவள் அம்மா பார்த்தால் விரலை ஒடிப்பாள். யாரிடம் காட்டுவதற்கு நீலம்? இதையெல்லாம் எழுதுவதில்லை என்றுதான் முதல் நாளே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

வீட்டைச் சூடாக்கும் உலையின் ஃபில்டர் மாற்றினேன். குளியலறை அலமாரியைச் சுத்தம் செய்தேன். அடியில் பழைய மெரூன் புட்டி கிடந்தது. விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். காய்ந்து கட்டியாகியிருந்தது. மருந்துக் கடையில் நகப்பூச்சு கரைக்கிற திரவம் வாங்கி ரெண்டு சொட்டு விட்டேன். இளகிவிட்டது.

பிப்ரவரி 18, சனி

இன்று செய்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஒரு பெட்டி வெறும் காசுக்கு மெரூன் பொட்டு வைத்தேன். கை பழகாமல் ரெண்டு மூன்று கென்னடிக்குக் கண்ணில் விழுந்துவிட்டது, துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். பிறகு பாலம் தாண்டி லங்காஸ்டர் போய், கண்ணில் பட்ட வங்கிகளிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். எந்த வங்கியில் அவள் வாங்குகிறாள் என்று தெரியாது. கழித்துக்கட்ட ஒரு புது ஊர் வேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு நோக்கமில்லை.

அவள் வீடிருக்கும் தெரு வழியாகத் திரும்பினேன். குறுக்கு வழி இல்லை, சுற்று வழிதான். பால்கனியில் துணி காயப் போட்டிருந்தாள், மைனஸ் குளிரில். காயாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 4, சனி

நீலம் இருக்கிறது. மெரூன் எதுவும் திரும்பி வரவில்லை. வெள்ளி ஒன்று கிடைத்தது, 1967. எடுத்து ஜாடியில் போட்டேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

மார்ச் 11, சனி

மூன்றாவது ரோலில் இருந்தது. நான் வைத்த மெரூன் பொட்டு, அதன் பக்கத்தில் இடிக்காமல் ஒட்டினாற்போல் ஒரு நீலப் பொட்டு. ஒரே நெற்றியில் இரண்டும்.

பார்த்திருக்கிறாள். யாருடையது என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

சமையலறையில் யாரோ பாடுவது கேட்டது, பார்த்தால் நான்தான். முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன், அடிப்பிடிக்கவில்லை. அந்தக் காசைக் கட்டமாட்டேன். சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 25, சனி

எங்களுக்கு வருமானவரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர் கூப்பிட்டார். இந்த வருஷம் கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டுவதா, தனித்தனியாகவா என்று கேட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எப்படிக் கேட்பது? அவளாகப் போனாள். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. எங்களுக்குப் பிள்ளை என்று யாரும் இல்லை, நடுவில் தூது போக. போகிற அன்று வெள்ளியை நானே சரிபாதியாகப் பிரித்து இரண்டு ஜாடியில் போட்டேன். ஒன்று கூடுதலாக மிஞ்சியது, அதையும் அவள் ஜாடியில்தான் போட்டேன். என்னை யாரும் குறை சொல்ல முடியாது. சாமானை ஏற்றி முடித்துவிட்டு, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "வேற ஏதாச்சும் சொல்லணுமா?" என்றாள். பின் டயரில் காற்று கம்மியாக இருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 8, சனி

வங்கிக்குள் நுழைந்ததும் டெனிஸ் சிரித்தாள். "உங்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன்" என்று காகிதப்பையோடு தூக்கிக் கொடுத்தாள். கைரோல்கள். கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, நான் ஏதோ கேட்கப்போகிறேன் என்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது? நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் முதல் ரோலைப் பிரித்து விளிம்பைப் பார்த்தேன். ஒரு செம்புக் கோடு இல்லை, மொத்தமும் வெளுப்பு. காசை விரலில் வைத்துச் சுண்டினேன், வெள்ளிக்கே உள்ள கணீர். அடுத்த ரோலும் அப்படியே. அதற்கடுத்ததும். இத்தனை வருஷத்தில் ஒரு முழு ரோல் வெள்ளி எனக்கு வாய்த்ததில்லை. எங்கள் ஆட்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கனவு இது. எழுந்து வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். பிறகு காசுகளைத் திருப்பினேன்.

எல்லா நெற்றியிலும் நீலப் பொட்டு.

இது நான் பிரித்துக் கொடுத்த பாதி. அவள் ஜாடி. ஓட்டை போட்ட அந்தப் பழைய காசும் இருக்கிறது, யாரோ ஒரு காலத்தில் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தது. அது கிடைத்த அன்று கொடி அதைக் கண்ணருகே வைத்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். அந்தக் காசில் கென்னடி கிடையாது, நடந்துபோகிற ஒரு பெண் உருவம்தான். அவளுக்கும் குண்டூசி முனையளவு ஒரு பொட்டு.

எங்கள் வீட்டில் பொட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பார்த்தாச்சு, வேண்டாம். வெள்ளிக்கு நாங்கள் ஒருநாளும் பொட்டு வைத்ததில்லை. கடையில் விற்றால் நல்ல விலை வரும். அதைக்கூடச் செய்யாமல், வெறும் காசோடு வெறும் காசாக வங்கியில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறாள்.

மிகப்பெரிய அதிர்ஷ்டம் அடித்த நாள் என்று இன்றைய தேதியை எழுத வேண்டும். மேசையைத் துடைக்காமல் அப்படியே படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

தமிழ்ப் புத்தாண்டு. சங்கத்தில் விழா, போகவில்லை. ஆரோக்கியசாமி வாசலில் ஒரு டப்பா மாங்காய்ப் பச்சடி வைத்துவிட்டுப் போயிருந்தார். வேப்பம்பூவுக்கு என்ன செய்தார்களோ, கசந்தது.

ஏப்ரல் 15, சனி

வங்கிக்குப் போகவில்லை. சட்டைப்பையில் இருந்த இரட்டைப் பொட்டுக் காசை எடுத்து இழுப்பறையில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டேன். கோபமாக இருக்கிறது. கோபம் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

வருமானவரிக்குக் கடைசி நாள். கெடு நீட்டிக்கச் சொல்லிவிட்டேன். இன்னும் கேட்கவில்லையா என்றார் வரிக்காரர். வேலை அதிகம் என்றேன்.

ஏப்ரல் 20, வியாழன்

இந்தியக் கடையில் ஆரோக்கியசாமி. கறிவேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. மெர்சிதான் சொன்னா. மேடம் வேலைய விட்டுட்டாங்களாமே. டாலஸ் போறாங்களாம், தங்கச்சிகிட்டயே. இந்த மாசக் கடைசியில."

"தெரியும்" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாம இருக்குமா. சும்மா சொன்னேன்" என்றார். பிறகு, "நீங்க ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாமே சார்" என்றார்.

பாகற்காய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்குப் பாகற்காய் பிடிக்காது.

ஏப்ரல் 22, சனி

காலையில் அந்தக் காகிதப்பையை எடுத்துக்கொண்டு லங்காஸ்டர் போனேன். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது என்று திட்டம். வழியெல்லாம் இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்தேன், இரண்டும் சூடானவை.

கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள், பக்கத்து வீட்டுக்காரர் வந்ததுபோல. கூடத்தில் முழுக்க அட்டைப்பெட்டி. உட்கார ஒரு நாற்காலிதான் மிச்சம், அதை எனக்குப் போட்டுவிட்டு அவள் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தாள். பாத்திரமெல்லாம் கட்டியாகிவிட்டது என்று காகிதக் கோப்பையில் டீ கொடுத்தாள். இளைத்திருக்கிறாள். விரல்களைப் பார்த்தேன். நகமெல்லாம் நீலம். நன்றாகத்தான் இருந்தது.

பையைக் கீழே வைத்தேன். "இது ஒன்னோடது. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

எட்டிப் பார்த்தாள். "இதத் திருப்பித் தரவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"வேணாம்னா வித்திருக்கலாம். டாலஸ் போற செலவுக்கு ஆயிருக்கும். பொட்டு வச்சு பேங்க்ல தள்ளணுமா?"

"வேணாம்னா பொட்டு வச்சேன்?"

"வேற என்னத்துக்கு வப்போம்?"

அவள் பையைக் காலால் என் பக்கம் நகர்த்தினாள்.

"பொட்டு வைக்காம போட்டிருந்தா, யாரோ ஒரு கெழவன் கட்டுன காசுன்னு எடுத்து ஜாடியில போட்டுக்குவீங்க. என்னோடதுன்னு ஒங்களுக்குத் தெரிய வேணாமா? கையில கொண்டாந்து குடுத்தா வாங்குவீங்களா? வாசல்ல வச்சாலாவது எடுப்பீங்களா? மாட்டீங்க. ரோலுக்குள்ள தன்னால கெடந்தாத்தான் ஒங்களுக்கு எடுக்கத் தெரியும்."

"நான் அங்க வாங்குறேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தை மாசமே ஒங்க கார் அங்க நின்னுச்சு. பாத்துட்டு, நீங்க போற வரைக்கும் அங்கிட்டுத் தெருமுனையில நின்னுட்டு, அதுக்கப்புறம் உள்ள போனேன்." டீயை ஆற்றினாள். "அந்த டெனிஸ் சொல்லலையா? காசு தேடுற மனுசன் வந்தா இதக் குடுங்க, யார் குடுத்தான்னு அவரு கேட்டா, இந்த மாதிரி டாலஸ் போறேன், அதுக்குள்ள ஒருதடவ வரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

கையை ஊன்றிக்கொண்டு நின்ற டெனிஸ் நினைவுக்கு வந்தாள்.

"நான் எதுவும் கேக்கல" என்றேன்.

"அதான். யாருகிட்டயும் நீங்க எதுவும் கேக்க மாட்டீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். அது எனக்கு வலித்தது.

மனப்பாடம் செய்திருந்த இரண்டு வாக்கியமும் எங்கே போயினவோ. டீக்கோப்பையைக் கீழே வைத்தேன். நான் இதுவரை எழுதாத ஒன்றை எழுதிவிடுகிறேன். அக்டோபரிலிருந்து ஒரு நாள்கூட இந்த வீட்டில் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் இல்லை. வெள்ளி ஒரு சாக்கு. சனிக்கிழமை சனிக்கிழமையாக நான் தேடியது அந்தப் பொட்டைத்தான்.

"கொடி, வீட்டுக்கு வர்றியா?" என்றேன்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெகுநேரம் பெட்டி மேல் ஒட்டியிருந்த டேப்பின் முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லங்க" என்றாள். "டிக்கெட் போட்டாச்சு. தங்கச்சிகிட்ட வார்த்த குடுத்தாச்சு. அங்க வேலையும் சொல்லியிருக்கு. இப்ப இங்க வந்து நின்னு ஒருதடவ கேட்டுட்டா எல்லாம் ஆச்சா?"

"சரி" என்று எழுந்தேன்.

"பாத்தீங்களா. இல்லன்ன ஒடனே சரின்னுட்டீங்க." இப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "வெள்ளிக்குன்னா எத்தன வருசம் தேடுனீங்க? கெடச்ச வாரத்தவிட கெடைக்காத வாரந்தானே நெறைய? ஒருநாளாச்சும் சரி போதும்னு விட்டீங்களா? பனியில போயி அடுத்த பெட்டி வாங்கியாந்தீங்கள்ல?"

நான் மறுபடி உட்கார்ந்தேன். பாதி ஒட்டியிருந்த பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக் கொடுத்தேன். அட்டை மட்டமான அட்டை, அடியில் இரண்டு சுற்று கூடுதலாக ஒட்டினேன். கிளம்பும்போது, "ஏர்போர்ட்டுக்கு நான் கொண்டுவந்து விடட்டுமா?" என்றேன். மெர்சியிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். பிறகு, "சரி, நீங்களே வாங்க" என்றாள். வெள்ளியை என் கையிலேயே கொடுத்தனுப்பிவிட்டாள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

அவளைக் கூப்பிட்டு, வரியைச் சேர்த்துக் காட்டுவதா தனியாகவா என்று கேட்டேன். "சேத்தே காட்டுங்க, அதுலதான் கொறச்சல் வரும்" என்றாள். இதைக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

ஏப்ரல் 29, சனி

ஹாரிஸ்பர்க் விமான நிலையம். மழை. பெட்டியின் எடை கூடியிருந்ததால் அங்கேயே பிரித்து, பருப்புப் பொட்டலங்களையும் அவள் கம்பளிச் சட்டையையும் எடுத்து என்னிடம் கொடுத்தாள். வரிசையில் நிற்கும்போது மறுபடி கேட்டேன். முன்னால் ஒரு குடும்பம் குழந்தைவண்டியை மடக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையசைத்தாள். உள்ளே போனதும் திரும்பிப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். துவரம்பருப்பைச் சுமந்துகொண்டு காருக்கு வந்து, வைப்பரைப் போடாமல் கொஞ்ச நேரம் அழுதேன்.

மே 1, திங்கள்

ஃபோனில் கேட்டேன். இல்லை என்றாள்.

மே 2, செவ்வாய்

கேட்டேன். இல்லை. டாலஸில் இப்போதே வெயில் கொளுத்துகிறதாம்.

மே 5, வெள்ளி

கேட்டேன். கடையில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றாள். அப்புறம் பேசவில்லை. அவளுடைய கம்பளிச் சட்டையைத் துவைக்கலாமா என்று எடுத்தேன். துவைக்கவில்லை.

மே 6, சனி

ரைட்ஸ்வில் போனேன். டெனிஸிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றாள். அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் போய்விட்டேன் என்றேன். அந்த நாள் முழுக்க அவளுக்குச் சங்கடமாக இருந்ததாம். உங்கள் வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். கணவருக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து நாய் படுத்தும் பாடு வரை சொன்னாள். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். கைரோல் எதுவும் இல்லை, இனி வராது. அது எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கேட்டேன். இல்லை.

மே 11, வியாழன்

கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்றாள். உப்புமா என்றேன். "ரவைய வறுத்தீங்களா?" என்றாள். வறுக்கவில்லை. அதற்கு ஐந்து நிமிஷம் திட்டினாள். சுகமாக இருந்தது.

மே 14, ஞாயிறு

கேட்டேன். இல்லை என்று சொல்ல இன்று கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

மே 16, செவ்வாய்

கேட்டேன். இல்லை. உடனே சொன்னாள்.

மே 19, வெள்ளி

ஆலையில் மடிப்பு இயந்திரம் பழுதாகிவிட்டது. ஒரு லோடு அட்டை முழுக்கக் கோணல். எல்லாவற்றையும் கழித்துக்கட்டி, அதற்கு மேலாளரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு வீடு வந்துசேர இருட்டிவிட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன். ஃபோன் அடித்தது. கொடி. போனதிலிருந்து அவளாகக் கூப்பிட்டதில்லை. யாருக்காவது உடம்புக்கு ஏதாவதோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

"இன்னைக்கு ஏன் இன்னும் கேக்கல?" என்றாள்.

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இரு என்று சொல்லி, போய் அதை அணைத்துவிட்டு வந்து கேட்டேன்.